விண்மீனும் வியர்வையும்

செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து மேற்கே ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை என்றோர் ஊர் உண்டு. பெயரைப் பிரித்துப் பாருங்கள்: இருங்காடு, கோட்டை. பெருங்காடு இன்று அங்கே இல்லை. மன்னன் கட்டிய கோட்டையும் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் மதில் உண்டு, வாயிற்காவல் உண்டு, அடையாள அட்டை காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்னும் கட்டளையும் உண்டு. 1996-ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் அங்கே கால் ஊன்றியது. 1998-இல் அதன் முதல் கார் விற்பனைக்கு வந்தது. பின்னர் திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று ஆலைக்குப் பின் ஆலையாக எழுந்தன. ஏர் நடந்த மண்ணில் எந்திரம் நடக்கிறது. பழைய கோட்டைகளில் இரவில் வாயிலை அடைத்து உறங்கினார்கள். இந்தப் புதிய கோட்டைகள் உறங்குவதே இல்லை.

உறங்காத அந்த ஆலைகளுக்கு அருகே, வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களைக் காணலாம். டிசம்பர் திங்களில் அந்தத் தெருவில் நடந்து சென்றால், பத்து வாசலுக்கு ஒரு வாசலில் காகித விண்மீன் ஒன்று தொங்கும். உள்ளே சிறு விளக்கு. சிவப்பும் மஞ்சளுமாக அதன் ஒளி எதிர்வீட்டுக் கோலத்தின் மீதும் விழும். விண்மீனுக்கு வீட்டெல்லை தெரியாது. தெரிந்தவன் மனிதன்தான்!

அந்த விண்மீனைப் பற்றித்தான் ஒரு வினா எழுந்தது. படிப்பகத்துக்கு வரும் இளைஞர் ஒருவர் கேட்டார்: "உடன் வேலை செய்யும் நண்பர் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறார். குடும்பத்தோடு உண்டு, குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்து, ஒரு பகல் இருந்துவிட்டுப் போங்கள் என்கிறார். நானோ கடவுள் நம்பிக்கை இல்லாதவன். போகலாமா? போனால் கொள்கைக்கு இழுக்கு ஆகாதா?"

அருகிலிருந்த ஒருவர், "தீபாவளிக்கு ஒரு நீதி, கிறிஸ்துமசுக்கு ஒரு நீதியா? எந்த மதத்து விழாவானாலும் எட்டி நிற்பதே பகுத்தறிவு" என்றார். இன்னொருவர் சிரித்தபடி, "பிரியாணிக்கு ஏதய்யா மதம்? போ, உண், திரும்பி வா" என்றார். முன்னவர் சொல்லில் உறுதி இருந்தது, உறவு இல்லை. பின்னவர் சொல்லில் உறவு இருந்தது, சிந்தனை இல்லை. உறுதியும் உறவும் ஒருசேர நிற்கும் விடை ஒன்று வேண்டும். அதைத் தேடுவோம்.

முதலில், கொண்டாடப்படுவது எது என்று ஆராய்வோம். நற்செய்தி நூல்கள் நான்கில் எதிலும் இயேசு பிறந்த நாள் இன்னதென்று குறிக்கப்படவில்லை. மாற்கும் யோவானும் பிறப்புக் கதையையே சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற நாள், 354-ஆம் ஆண்டைச் சார்ந்த உரோமாபுரி நாட்காட்டித் தொகுப்பில்தான் நமக்குத் தெளிவாகக் கிடைக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றளவும் ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. வானத்திலிருந்து வந்த நாளானால் வழிக்கு ஒரு தேதி இருக்குமா?

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்த விழாவைத் தடை செய்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். பக்தியில் பழுத்த கிறிஸ்தவர்களே! 1647-இல், தூய்மைவாதிகளின் கை ஓங்கியிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமசை ஒழித்துச் சட்டம் இயற்றியது. கடல் கடந்து அமெரிக்கா சென்ற அவர்தம் தோழர்கள், மாசசூசெட்சில் 1659-இல் ஒரு சட்டம் செய்தனர்: அன்று வேலையை நிறுத்தி விருந்துண்டு விழாக் கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் தண்டம்! 1681 வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனதே 1958-இல்தான். விவிலியத்தில் இல்லாத விழா, களியாட்டத்தில் கெட்டுப்போன விழா என்பது அவர்கள் வாதம்.

அப்படியானால், தாயும் தந்தையும் பிள்ளைகளும் கூடியமர்ந்து, மரம் அலங்கரித்து, பரிசு பரிமாறி, வீட்டுக்குள் கொண்டாடும் இந்தக் கிறிஸ்துமஸ் எப்போது வந்தது? அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு. சார்லஸ் டிக்கன்சின் கிறிஸ்துமஸ் கதை வெளிவந்தது 1843-இல். விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கார மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் இலண்டன் ஏட்டில் வந்தது 1848-இல். தெருவில் ஆடிப்பாடிய விழா, ஆலைப்புகை சூழ்ந்த நகரங்களில், வீட்டின் அடுப்பங்கரையை நாடி வந்தது. நாள் முழுதும் ஆலையிலும் அலுவலிலும் தேய்ந்த மனிதன், "எனக்கும் ஒரு கூடு வேண்டும், அங்கே என் மக்கள் முகம் மலரக் காணவேண்டும்" என்று ஏங்கிய காலம் அது. அந்த ஏக்கம் மதத்தின் ஏக்கமன்று, மனிதனின் ஏக்கம். இலண்டனின் ஆலைத் தெருவில் அன்று எழுந்த அதே ஏக்கந்தான் இன்று இருங்காட்டுக்கோட்டையின் வரிசை வீட்டிலும் எழுகிறது.

இதிலிருந்து நாம் பெறுவது என்ன? விழா மனிதன் செய்தது. மனிதன் செய்ததை மனிதன் திருத்தலாம். ஆகவே "இது கடவுள் தந்ததா?" என்று கேட்டு முடித்துக்கொள்வது அரைப் பகுத்தறிவு. "இது எத்தகைய மனிதனை உருவாக்குகிறது?" என்று கேட்பதே முழுப் பகுத்தறிவு. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவோம்.

நான் சென்று கண்ட வீடு ஒன்றைச் சொல்கிறேன். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். ஒற்றை அறை, ஓர் அடுப்படி. மூலையில் அட்டைப் பெட்டியாலும் வைக்கோலாலும் பிள்ளைகள் கட்டிய குடில். சுவரோரம் தூக்குச் சட்டிகளில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதிரசமும். பத்து நாளுக்கு முன்பே மாவு இடித்து, பாகு காய்ச்சி, இரவு கண் விழித்துச் சுட்டவை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்பத் தட்டுகள் வரிசையாக இருந்தன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த வீடுகளிலிருந்து வந்த தட்டுகளுக்கு இவை மறுமொழி. பிள்ளைகள் புத்தாடையில் மின்னினர். தலைவர் வாயிலில் நின்று வருவோரை வரவேற்றார். எங்கும் மகிழ்ச்சி.

எங்கும் என்றேனா? அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அந்த அம்மையார் நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்தவர், இன்னும் உட்காரவில்லை. வியர்வை நெற்றியில் வழிய, ஒரு கையால் கோழிக் குழம்பைக் கிளறி, மறுகையால் கைக்குழந்தையைத் தாங்கி நின்றார். "நீங்கள் உண்டீர்களா அம்மா?" என்று கேட்டேன். "எல்லாரும் சாப்பிடட்டும்" என்றார். இந்த விடையைத் தமிழ்நாட்டில் எந்த மதத்து வீட்டில் கேட்டாலும் பெறலாம்! பொங்கல் வீட்டிலும் இதே விடை, ரம்சான் வீட்டிலும் இதே விடை, பகுத்தறிவாளன் வீட்டுத் திருமண நாளிலும் இதே விடைதான்.

இதுவே முதற் சோதனை. வீட்டின் கதகதப்பு என்று நாம் போற்றுவது, ஒருத்தி அடுப்பின் முன் நின்று வேகும் வெப்பம்தானா? வாயிலில் விண்மீன் ஏற்ற ஐந்து நிமிடம். அதைக் கண்டு வியப்போர் பலர். அடுப்படியில் பத்து நாள். அதைக் காண்போர் இலர். அவரும் வார நாளில் ஆலை உணவுக்கூடத்தில் வேலை செய்பவரே. மற்றவர்க்கெல்லாம் விடுமுறை நாள். அவருக்கோ இரட்டை வேலை நாள். தாய்க்குப் புடைவை வாங்கித் தருவது பரிசு என்று எண்ணும் மகனே, அந்தப் புடைவை அடுப்புப் புகையில்தானே கசங்குகிறது? அவர் கையிலுள்ள கரண்டியை வாங்கிக்கொண்டு, "உட்காருங்கள், நான் பரிமாறுகிறேன்" என்று சொல். கடையில் கிடைக்காத பரிசு அது. கடன் இன்றிக் கொடுக்கக்கூடிய பரிசும் அதுவே.

இரண்டாம் சோதனை, பரிசைப் பற்றியது. பரிசுத் தாத்தாவின் கதைக்கு மூலம், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டு மைரா நகரில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நிக்கோலாஸ் என்னும் ஆயர். அவரைப் பற்றி வழங்கும் கதை இது: வறியவன் ஒருவனுக்கு மூன்று பெண்கள், சீதனம் கொடுக்க வழியில்லை, இரவில் யாரும் அறியாமல் அவன் வீட்டுச் சாளரத்தின் வழியே பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனாராம் ஆயர். கதை உண்மையோ பொய்யோ, கருத்தைப் பாருங்கள். பெற்றவன் தலைகுனியக் கூடாது என்பதற்காகக் கொடுத்தவன் முகத்தை மறைத்தான்! வாணிகம் அந்தக் கருத்தைத் தலைகீழாக்கிவிட்டது. இன்று கொடுத்தவன் பெயர் பெரிதாக எழுதப்படுகிறது. விலைச் சீட்டை மட்டும் மறைக்கிறார்கள், மறைத்தும் மறையாதபடி!

வள்ளுவர் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். வறியவர்க்குக் கொடுப்பதையே அவர் ஈகை என்றார். திரும்ப வரும் என்று எண்ணிக் கொடுப்பதைக் குறியெதிர்ப்பை என்று தனியே பிரித்து வைத்தார். பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கடன் வாங்கி ஒரு படியாகவே திருப்பும் கொடுக்கல் வாங்கல் அது. உள்ளவர்கள் உள்ளவர்களுக்கே பட்டுத்தாள் சுற்றிக் கொடுத்துக்கொள்ளும் பரிசுகள் பெரும்பாலும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. தீதன்று, ஆனால் அறம் என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டா. தவணைக் கடனில் பரிசு வாங்கி, தை, மாசி, பங்குனி என்று மூன்று திங்கள் வட்டி கட்டும் தொழிலாளியின் வீட்டிலோ, அது தீதாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் அந்த வீட்டில் வேறொரு பரிசைக் கண்டேன். அதற்குத் தாள் சுற்றவில்லை, பெயர் எழுதவில்லை. வீட்டுத் தலைவரைக் கேட்டேன்: "ஆலை ஓடுகிறதே, உங்களுக்கு எப்படி விடுப்புக் கிடைத்தது?" அவர் சொன்னார்: "எனக்கு இன்று இரவுப் பணி. என் வரிசையில் வேலை செய்யும் நண்பர் தன் ஓய்வு நாளை விட்டு, என் இடத்தில் நிற்கிறார். பொங்கலன்று நான் அவர் இடத்தில் நிற்பேன். ரம்சானுக்கு இன்னொருவருக்காக நாங்கள் இருவரும் மாற்றிக்கொள்வோம்."

தோழர்களே, இதை எண்ணிப் பாருங்கள்! ஒருவன் தன் உறக்கத்தை இன்னொருவன் பிள்ளைகளின் சிரிப்புக்காகக் கொடுக்கிறான். தான் நம்பாத ஒரு தெய்வத்தின் பிறந்தநாளுக்காகவா? அன்று. தன்னோடு நின்று தோள் வலிக்க உழைக்கும் தோழனுக்காக. இதுவும் திரும்ப வரும் கொடைதானே, குறியெதிர்ப்பைதானே என்று கேட்கலாம். ஆம், திரும்ப வருவதே. ஆனால் திரும்புவது பொருள் அன்று, பொழுது. உழைப்பவனிடம் உள்ள ஒரே செல்வம் பொழுது. அதைப் பகிர்ந்துகொள்ளும் இருவருக்குள் மேல் இல்லை, கீழ் இல்லை, நன்றி சொல்லிக் கூனிக் குறுகுவதும் இல்லை. பரிசுப் பொருளைவிட இந்தப் பண்டமாற்று மேலானது என்பேன்.

இந்தப் பொழுது எங்கிருந்து வந்தது? விண்மீன் வழிகாட்டி வந்ததா? இல்லை. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொழில் நிறுவனங்களின் விடுமுறையை வரையறுக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்னும் நான்கு நாட்கள். அவற்றோடு விழா விடுமுறை ஐந்து. அந்த ஐந்து எவை என்பது தொழிலாளரையும் நிருவாகத்தையும் கலந்து முடிவு செய்யப்பட வேண்டியது. விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியும் மாற்று விடுமுறையும். பல மதத்தார் வேலை செய்யும் ஆலையில் அந்த ஐந்துக்குள் எல்லார் விழாவும் அடங்குமா? அடங்காது. சட்டம் விட்ட இடைவெளியைத் தோழமை நிரப்புகிறது.

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேர உழைப்பு என்பது உழைப்பவனின் உரிமைக் குரல். எட்டு மணி நேர உழைப்பு என்றால் எஞ்சிய பொழுது வீட்டுக்கு என்பதுதானே பொருள்? நூறாண்டு கழிந்து, 2023 ஏப்ரல் 21 அன்று, நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. அதே மே முதல் நாளில், 2023-இல், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். குடும்பமாகக் கூடி உண்ணும் இன்பத்தைப் பேசுவோர் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேசவேண்டும். தந்தை வீட்டில் இல்லாமல் எந்த விழா? தாய் கண் விழித்திருக்க முடியாமல் எந்த விருந்து?

மூன்றாம் சோதனை, கதவுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியது.

வீடு என்றால் நான்கு சுவர். சுவர் உள்ளே இருப்பவரைக் காக்கும். வெளியே இருப்பவரை விலக்கும். இந்த ஆலைகளில் வேலை செய்வோரில் குடும்பம் இல்லாதோர் எத்தனை பேர்! ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும், நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் அடுக்குக் கட்டில்களில் கிடக்கும் இளம்பெண்களுக்கு எங்கே அடுப்பு, எங்கே முற்றம்? 2021 டிசம்பர் நடுவில், கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்பு, திருப்பெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதி உணவு உண்டு நோயுற்றனர். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் சாலைக்கு வந்தனர். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை நின்றது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12-இல்தான் மீண்டும் திறந்தது. அங்கே தன் கைபேசிகளைச் செய்விக்கும் ஆப்பிள் நிறுவனமே, தங்குமிடங்களும் உணவறைகளும் தான் விதித்த தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெருவிடுதி திறக்கப்பட்டது. சாலையில் அமர்ந்தவர்களின் குரல் வீண்போகவில்லை.

அந்தப் பெண்கள் கேட்டது மாளிகையா? உண்ணத்தக்க சோறு, கால் நீட்டப் போதிய இடம். எந்த வீட்டில் பிறந்தவளும் கேளாமலே பெறுகிற இரண்டு. உலகத்தின் உயர்ந்த கடைகளில் கிறிஸ்துமஸ் பரிசாக விற்கப்படும் பொருளைத் தன் விரலால் பொருத்தியவளுக்கு, நல்ல சோறு ஒரு கோரிக்கையாக வேண்டியிருந்தது! பரிசின் பட்டுத்தாளைப் பிரிப்பவர்கள் அதன் உள்ளே இந்தச் செய்தியையும் படிக்கவேண்டும்.

நான் சொன்ன வீட்டில், நண்பகலுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஜார்கண்டைச் சேர்ந்தவர்கள், அம்மையாரோடு ஆலையில் பழகியவர்கள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமசுக்குப் "படா தின்" என்று பெயர். பெரிய நாள் என்பது பொருள். முதன்முறையாக அந்தப் பெரிய நாளில் வீட்டை விட்டு இருக்கிறார்கள். கூச்சத்தோடு சுவரோரம் அமர்ந்திருந்தவர்களிடம் பலகாரத் தட்டு நீட்டப்பட்டது. அதிரசத்தைக் கையில் எடுத்த ஒருத்தி, முகம் மலர, "அர்சா!" என்றாள். பச்சரிசி மாவும் வெல்லமும் கலந்து எண்ணெயில் இடும் அதே பண்டம் அவள் ஊரிலும் உண்டு. அங்கே அதற்கு அர்சா என்று பெயர். ஆந்திரத்தில் அரிசெலு, ஒடிசாவில் அரிசா, இங்கே அதிரசம். மொழி வேறு, மதம் வேறு, மாநிலம் வேறு. ஆனால் அரிசியும் வெல்லமும் எந்தக் காலத்திலோ கைகோத்துக்கொண்டு இந்த நாடெங்கும் நடந்திருக்கின்றன! அதன்பின் அவள் சுவரோரம் இருக்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மையார் அன்று முதன்முறையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"இது ஒரு வீட்டுச் செய்தி, வீட்டு மகிழ்ச்சியில் ஏன் சமுதாயத்தை இழுக்கிறீர்? உண்பதும் உடுப்பதும் அவரவர் சொந்தக் காரியமல்லவா?" என்று கேட்பார் உளர். அவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுகிறேன்.

1968 டிசம்பர் 25. உலகெங்கும் தேவாலய மணிகள் ஒலித்த நாள். சத்திரத்தில் இடம் கிடையாமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையின் கதையை இலட்சம் நாவுகள் பாடிய நாள். அந்த இரவில் அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், உயிர் தப்ப ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் தீயிட்டுக் கொளுத்தப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளுமே அவர்களில் மிகுதி. தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்கள். கூலி நெல் சிறிது கூட்டிக் கேட்டதும், சங்கமாக நின்றதுமே அவர்கள் செய்த குற்றம். அந்தக் குடிசையும் ஒரு வீடுதான். அதற்கும் சுவர் இருந்தது, கூரை இருந்தது, கதவு இருந்தது. காத்ததா? நீதி இல்லாத ஊரில் வீடு காப்பதில்லை. ஆகவே, வீட்டு மகிழ்ச்சி சொந்தக் காரியம் என்பவரே, உமது வீடு வீடாக நிற்பதே ஊர் நியாயமாக நிற்பதால்தான் என்பதை உணர்வீராக.

அதே டிசம்பர் 25-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1927-இல் அந்த நாளில்தான் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் கூடியோர் மனுநீதி நூலை எரித்தனர். பிறப்பால் மனிதனைப் பிரிக்கும் ஏட்டுக்கு இட்ட தீ அது. பிறப்பால் பிரிக்கப்பட்ட மனிதருக்கு இட்ட தீ இது. நாளில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நாம் எதைக் கொளுத்துகிறோம், எதை ஏற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கிறிஸ்தவ நண்பர்களுக்கும் இங்கே ஒரு சொல் உண்டு. விருந்துண்டவன் முகமன் மட்டும் கூறிப் போவது நட்பாகாது. வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த தடுப்பு ஒன்று இருந்தது. 1910-இல் அது அகற்றப்பட்டபோது, வேண்டும் என்று நீதிமன்றம் வரை சென்றார்கள், தோற்றார்கள். ஆலயத்துச் சுவர் இடிந்தது; மனத்துச் சுவர் எங்கும் இடிந்துவிட்டதா? கல்லறையிலும் சாதி பார்க்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லையே! இடமில்லை என்று கதவடைக்கப்பட்ட குடும்பத்தின் கதையைக் குடிலாகக் கட்டி வைத்துவிட்டு, தம் பந்தியில் சிலருக்கு இடமில்லை என்பாரானால், அந்தக் குடிலைப் பிள்ளைகள் கட்டியது வீண்.

அவர்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? மேடையில் சாதியை மறுத்து, மணமேடையில் சாதியைத் தேடும் பகுத்தறிவாளர் இல்லையா? விழாவை வெறுக்கிறேன் என்று வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு, தன் சாதிக்காரன் வீட்டு விருந்துக்கு மட்டும் தவறாமல் செல்வோர் இல்லையா? மூடநம்பிக்கையை விட்டது பெருமையே. ஆனால் நம்பிக்கையை விட்ட இடத்தில் நட்பை வைக்காவிட்டால், அந்த இடம் வெற்றிடமாகும். வெற்றிடத்தில் தன்னலம் குடியேறும்.

திருப்பெரும்புதூரில் பிறந்தவர் என்று போற்றப்படும் இராமானுசரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது: யாருக்கும் சொல்லாதே என்று குரு கொடுத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி எல்லாருக்கும் உரக்கச் சொன்னாராம். மந்திரத்தின் பயனில் நமக்கு நம்பிக்கை இல்லை. எனினும் அந்தக் கதையை மக்கள் ஏன் மறக்கவில்லை? பூட்டி வைத்ததை ஒருவர் திறந்தார் என்பதற்காகத்தான். கதவைத் திறந்தவனை மக்கள் மறப்பதில்லை, எந்த மதத்தவனாயினும், மதமே இல்லாதவனாயினும்.

இப்போது இளைஞரின் வினாவுக்கு வருவோம். போகலாமா? போகலாம் என்பதன்று என் விடை, போகவேண்டும் என்பதே. ஆனால் எப்படிப் போவது?

அவர்கள் தொழும்போது நீங்கள் தொழவேண்டா; நடிப்பு அவர்களுக்கும் இழிவு, உங்களுக்கும் இழிவு. அவர்கள் தொழுவதைக் கண்டு நகையாடவும் வேண்டா. பிறர் வீட்டுப் பந்தியில் அமர்ந்து தர்க்கத்தைப் பரிமாறுவது பண்பன்று. கேட்டால் மட்டும், உங்கள் எண்ணத்தை ஒளியாமல் சொல்லுங்கள். கொள்கைக்கு உடன்படுவது வேறு, மகிழ்ச்சியில் பங்கு கொள்வது வேறு. முன்னது அறிவின் காரியம், அதில் விட்டுக்கொடுக்கலாகாது. பின்னது அன்பின் காரியம். அதில் ஒதுங்கி நிற்கலாகாது.

"மதத்தை முன்வாயிலில் தடுத்துவிட்டுப் பின்வாயிலில் அழைப்பதாகாதா?" என்று உறுதிமிக்க அந்தத் தோழர் கேட்கக்கூடும். நண்பரின் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதால் எவன் அறிவும் மழுங்கிவிடாது. ஒரு தட்டுச் சோற்றில் கரைந்துபோகும் கொள்கையானால், அது கொள்கையன்று, உப்பு! நம்மை அழைத்தவர் நம் நம்பிக்கையின்மையை அறிந்தே அழைத்தார். அவர் காட்டிய பெருந்தன்மைக்கு நாம் குறைந்தவர் ஆகலாமா?

போகும்போது, அவர்களால் திருப்பித் தர இயலாத பரிசைச் சுமந்து போகாதீர். பிள்ளைக்கு ஒரு நூல் போதும். உண்டபின் இலையை எடுங்கள், பாத்திரத்தைத் துலக்குங்கள். அம்மையார் உண்டாரா என்று கேளுங்கள். யார் பணி மாற்றிக்கொடுத்து நிற்கிறார் என்று கேளுங்கள். விடுதியில் தனித்திருப்பவர் யார் என்று கேளுங்கள். தைத் திங்களில் உங்கள் வீட்டில் பொங்கும்போது, இந்த மூன்று கேள்விக்கும் உங்கள் வீடு விடை சொல்லட்டும். அதுவே பகுத்தறிவாளன் கொண்டாடும் முறை.

அன்று இரவு நானும் அங்கேயே தங்கினேன். பொழுது புலரும் வேளை, நெடுஞ்சாலைப் பக்கம் ஆலைப் பேருந்துகள் வந்து நின்ற ஓசை கேட்டது. சற்றுப் பொறுத்து, கண் சிவக்க, சட்டையில் எண்ணெய்க் கறையோடு, நெற்றியில் துடைத்தும் மறையாத திருநீற்றுக் கீற்றோடு ஒருவர் வந்து வாயிலில் நின்றார். இரவெல்லாம் நண்பரின் இடத்தில் நின்றவர். அவருக்கென்று மூடி வைத்த தட்டு எடுத்து வரப்பட்டது. வீட்டுக்காரரே பரிமாறினார். பிள்ளைகள் அவர் மடியில் ஏறினார்கள். வாயிலில் விண்மீன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஞாயிறு எழுந்துவிட்டதால் அதன் ஒளி தெரியவில்லை. யாரோ எழுந்து விளக்கை அணைத்தார்கள். வீட்டில் ஒளி குறையவில்லை.